ஏழு மதிப்பெண்ணுக்கு இரண்டு அர்த்தம்

கல்லூரி நூலகத்தைவிட்டு வெளியே வரும்போது ஒரு தாளை நீட்டுகிறார்கள். 'எங்கள் சேவை எப்படி? மிக நன்று, நன்று, சுமார்.' பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் 'நன்று' என்று டிக் போட்டுவிட்டு ஓடுகிறோம். ஆண்டு இறுதியில் 'பெரும்பாலான வாசகர்கள் திருப்தி' என்று அறிக்கை வரும். அதை வைத்துக்கொண்டு நூலகர் என்ன செய்வார்? ஆய்விதழ்ச் சந்தாவைக் கூட்டுவதா, படிப்பறையில் இன்னும் நாலு மேசை போடுவதா என்று அந்த 'நன்று' சொல்லாது.

இந்தச் சிக்கலுக்கு ஒரு விடை, நூலகத்துக்குச் சம்பந்தமே இல்லாத இடத்திலிருந்து வந்தது. 1980களில் அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் மூன்று மார்க்கெட்டிங் பேராசிரியர்கள், வங்கி, கிரெடிட் கார்டு, ரிப்பேர் கடை போன்ற சேவைகளின் தரத்தை எப்படி அளப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். வேலரி சைத்தமல், லியோனார்ட் பெர்ரி, நம் சென்னை ஐஐடியில் படித்துவிட்டுப் போன ஏ. பரசுராமன். தரம் என்பது கிடைத்த சேவையில் மட்டும் இல்லை, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் இடையே உள்ள தூரத்தில் இருக்கிறது என்றார்கள். 1988இல் 'செர்வ்குவால்' என்ற கேள்வித்தாள் வந்தது.

அதே பல்கலைக்கழகத்தின் நூலகர்கள் அதை எடுத்துப் பயன்படுத்திப் பார்த்தார்கள். வங்கிக்குத் தைத்த சட்டை நூலகத்துக்கு அங்கங்கே இறுக்கிப் பிடித்தது. ஆகவே வாசகர்களிடம் உட்கார்ந்து பேசி, வெட்டி, ஒட்டி, வட அமெரிக்க ஆராய்ச்சி நூலகங்களின் சங்கத்தோடு சேர்ந்து 2000இல் 'லிப்குவால்' என்று புதிதாக ஒன்றைச் சோதனைக்கு விட்டார்கள். பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்ட நூலகங்கள் அதைப் பயன்படுத்தியிருக்கின்றன.

அதில் மையமான கேள்விகள் 22. ஊழியர்கள் நடந்துகொள்ளும் விதம், தேவையான தகவல் தானாகத் தேடினால் கிடைக்கிறதா, இடம் எப்படி இருக்கிறது என்று மூன்று பக்கங்களைத் தொடும். ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 9 வரை மூன்று மதிப்பெண் போட வேண்டும். இதற்குக் கீழே போனால் தாங்காது என்ற அளவு ஒன்று, மனசுக்குப் பிடித்த அளவு ஒன்று, இப்போது கிடைப்பது ஒன்று.

ஒரு கற்பனைக் கணக்கு. அமைதியான படிப்பிடம் பற்றி ஒரு மாணவி 6, 8, 7 போடுகிறாள். கிடைப்பது 7. குறைந்தபட்சத்தைவிட 1 அதிகம், ஆசைக்கு 1 குறைவு. சரி, பொறுத்துக்கொள்ளும் எல்லைக்குள் இருக்கிறது. ஆய்விதழ்கள் பற்றி ஒரு பேராசிரியர் 8, 9, 7 போடுகிறார். அவருக்கும் கிடைப்பது அதே 7தான். ஆனால் அவருடைய குறைந்தபட்சமே 8. கிடைப்பதை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரித் தெரியும், ஒருவர் மட்டும் கொதித்துக்கொண்டிருக்கிறார் என்பது தெரியாது. நிஜத்திலும் அமெரிக்க ஆராய்ச்சி நூலகங்கள் பலவற்றில் பேராசிரியர்களுடைய அதிருப்தி ஆய்விதழ்கள் விஷயத்தில்தான் குவிந்தது.

இந்த முறையில் எனக்குப் பிடித்த இன்னொன்று, போகிற போக்கில் நிரப்பியவர்களைப் பிடித்துவிடலாம் என்பது. ஆசையைவிடக் குறைந்தபட்சம் அதிகம் என்று ஒருவர் போட்டால் அதற்கு அர்த்தமே இல்லை அல்லவா? அப்படி அளவுக்கு மீறி முரண்படும் தாள்களைக் கணக்கிலிருந்து தள்ளிவிடுகிறார்கள். ஆனாலும் 22 கேள்விக்கு மூன்று வீதம் 66 மதிப்பெண் போடுவதற்குள் யாருக்கும் கை வலிக்கும். அப்புறம் வந்த சுருக்க வடிவத்தில் ஒருவருக்கு 8 கேள்விதான். சில கேள்விகள் எல்லோருக்கும் பொது, மீதியை ஆளுக்கு ஆள் கணினி மாற்றிப் பிரித்துக் கொடுக்கும். எல்லாருடைய பதிலையும் சேர்த்தால் 22க்கும் படம் கிடைத்துவிடும்.

வாசலில் தாள் கொடுக்கிற வேலையும் இதில் இல்லை. மின்னஞ்சலில் போகிறது. நூலகப் பக்கமே வராதவர் ஏன் வரவில்லை என்பதை வாசலில் நின்று கேட்க முடியாதே.

சேவையை இப்படி அளந்துவிடலாம். நூலகர் எடுக்கும் வகுப்பை அளப்பது இன்னும் வம்பு. தரவுத்தளத்தில் தேடுவது எப்படி, எந்தக் கட்டுரையை நம்பலாம் என்று ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுக்கிறார்கள். வகுப்புக்கு முன், 'உன் தேடும் திறமைக்கு 5க்கு எத்தனை?' என்று கேட்டால் மாணவன் 4 என்கிறான். முடிந்ததும் கேட்டால் 3. கற்றது மறந்துவிட்டதா? இல்லை. கூகுளில் நாலு சொல்லைத் தட்டுவதுதான் தேடல் என்று முன்பு நினைத்திருந்தான். சொற்றொடரை மேற்கோள்குறிக்குள் போடுவது, ஆண்டை வைத்து வடிகட்டுவது எல்லாம் பார்த்த பிறகுதான் தனக்குத் தெரியாதது எவ்வளவு என்று தெரிகிறது. மாறியது அளவுகோல்.

அதனால் சிலர் வகுப்பு முடிந்த பிறகு ஒரே தாளில் இரண்டையும் கேட்பார்கள்: 'இப்போது எத்தனை? இப்போது யோசித்தால், அப்போது எத்தனை?' அளவுகோல் ஒன்றாகிவிடும். ஆனால் வாத்தியார் மனம் கோணக்கூடாது என்று முன்னதைக் குறைத்துப் போடுகிறவர்களும் உண்டு. ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மெலிசா கிராஸ், டான் லேத்தம் ஆய்வுகளிலோ, தகவல் தேடும் திறனுக்கான தேர்வில் தடுமாறிய மாணவர்கள்தான் தங்களைப் பெரிதும் அதிகமாக மதிப்பிட்டிருந்தார்கள்.

எனவே கேள்வித்தாளோடு ஒரு சின்ன வேலையும் கொடுப்பது நல்லது. ஒரே தலைப்பில் மூன்று கட்டுரைகளை நீட்டி, எதை உன் கட்டுரையில் மேற்கோள் காட்டுவாய், ஏன் என்று இரண்டு வரி எழுதச் சொல்லலாம். திருத்துவதற்கு நேரம் பிடிக்கும், டிக்கை எண்ணுவதுபோல் சுலபமில்லை. நூலகர் அலுத்துக்கொள்வார்தான்.