செருப்பு வார் தடமும் ஒளியால் முடி நீக்குவதும்

கோடை முழுக்க ஸ்கூட்டர் ஓட்டியவர் செருப்பைக் கழற்றினால், வார் இருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரியும். ஒளியைப் பாய்ச்சி முடி நீக்கும் ஐபிஎல் (intense pulsed light) கருவியை அந்தப் பாதத்தில் வைத்துப் பாருங்கள் என்று சொல்ல மாட்டேன். வைத்தால், வார் மறைத்த தோலில் இளஞ்சூடு மட்டும் உறைக்கும். அரை அங்குலம் தள்ளி, கறுத்த தோலில் அதே ஒளி சுருக்கென்று சுடும்.

கிரிக்கெட்டோடு தொடர்பில்லாத இந்த ஐபிஎல்லுக்குள் இருப்பது செனான் விளக்கு. கேமரா ஃபிளாஷுக்கு நெருங்கிய உறவு. சுமார் 500 முதல் 1200 நானோமீட்டர் வரையிலான அலைநீளங்கள் கலந்த ஒளியை அது சில மில்லி விநாடிகளில் கொட்டிவிடுகிறது. முடிக்குக் கறுப்பைத் தரும் மெலனின் அந்த ஒளியை உறிஞ்சிச் சூடாகிறது. சூடு மயிர்க்காலைத் தாக்கி வளர்ச்சியைக் குலைக்கிறது. சுற்றுத் திசுவை விட்டுவிட்டு நிறமுள்ள இலக்கை மட்டும் ஒளியால் சுடலாம் என்ற கோட்பாட்டை 1983இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ராக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பாரிஷும் வெளியிட்டார்கள். நரைமுடியிடம் கருவியின் ஜம்பம் பலிக்காதது இதனால்தான். வேக்ஸிங்கில் வேரோடு பிடுங்கிய இடத்திலும் பலிக்காது. ஷேவ் செய்த தோல்தான் அதற்குத் தோது.

வம்பு எங்கே என்றால், மெலனின் முடியில் மட்டும் இல்லை. மேல்தோலிலும் இருக்கிறது. மேல்தோலின் தடிமன் பல இடங்களில் 0.1 மில்லிமீட்டர்தான், ஒரு தாள் அளவு. மயிர்க்காலோ அதற்குச் சில மில்லிமீட்டர் கீழே. அங்கே போகும் ஒளி வழியில் மேல்தோலுக்குச் சுங்கம் கட்டித்தான் ஆக வேண்டும். வெயிலில் கறுத்த தோல் சுங்கத்தை உயர்த்திவிடுகிறது: வேருக்குப் போக வேண்டிய சூடு மேலேயே தங்கிக் கொப்புளமாகிறது.

தோல் கறுப்பதற்கு ஒரு தாமதமும் உண்டு. புற ஊதாக் கதிர்கள் செல்லின் டிஎன்ஏவைக் காயப்படுத்த, நிறமிச் செல்கள் மெலனினைத் தயாரித்து அண்டைச் செல்களுக்குக் கொடுக்கின்றன. அவை அதைத் தம் உட்கருவுக்கு மேலே குடைபோலப் பிடித்துக்கொள்கின்றன. இந்த வேலைக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். ஞாயிறு முழுக்கக் கடற்கரையில் இருந்தவருக்குக் கறுப்பு செவ்வாய், புதனில்தான் நன்றாகத் தெரியும். ஞாயிறு இரவில் கருவியின் நிற உணரி பச்சைக்கொடி காட்டலாம். அது பார்ப்பது அன்றைய நிறத்தை மட்டும்தான். தோலுக்குள் தொடங்கிவிட்ட அழற்சி அதன் கணக்கில் வராது.

வெயிலுக்குப் பிறகு இரண்டு முதல் நான்கு வாரம் காத்திருக்கும்படி கருவிகளின் கையேடுகள் சொல்வது ஏதோ வழக்கறிஞர் எழுதிய வாசகம் அல்ல. நிறமேறிய செல்கள் மேலே நகர்ந்து உதிர்ந்து மேல்தோல் புதுப்பிக்கப்பட ஏறக்குறைய ஒரு மாதம் ஆகிறது. எலுமிச்சையும் தயிரும் போட்டுத் தேய்ப்பதால் அது விரைந்துவிடாது, எரிச்சல்தான் மிச்சம். சிவந்தோ உரிந்தோ இருக்கும் தோல் முழுதாக ஆறும்வரை கருவியைத் தொடவே வேண்டாம்.

நம் மாநிறத் தோலுக்கு இன்னொரு தொல்லை. சிறிய சூட்டுக் காயம்கூட ஆறிய பிறகு கரும்புள்ளியாகி மாதக்கணக்கில் நிற்கும். மிகவும் கறுத்த தோலுக்கு வீட்டுக் கருவிகள் பல பொருந்துவதே இல்லை. பெட்டியில் உள்ள நிற அட்டையோடு தோலை நேர்மையாக ஒப்பிடுங்கள். மச்சம், பச்சை குத்திய இடம், கண்ணைச் சுற்றிய பகுதி வேண்டாம். பருவுக்கு டாக்ஸிசைக்ளின் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. ஒளி பாய்ச்சிய பிறகும் தோலுக்கு வெயில் ஆகாது. முடிந்தவரை மூடி வையுங்கள், வெளியே தெரியும் இடத்துக்கு எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்க்ரீன் பூசுங்கள்.

முதலில் மிகக் குறைந்த அளவில் ஒரே இடத்தில் சோதித்து, 24 மணி நேரமாவது பார்க்க வேண்டும். பலர் இந்தச் சோதனையை முழங்கையின் உட்புறத்தில் செய்துவிட்டு, மறுநாள் வெளிப்புறக் கையில் கருவியை ஓட்டுகிறார்கள். உட்புறம் வெயிலையே பார்க்காத தோல். எந்த இடத்து முடியை நீக்கப் போகிறீர்களோ, அந்த இடத்திலேயே சோதியுங்கள்.