யூபா ஆற்றுக் கூழாங்கற்களுக்கு அடியில்

தெளிந்த மலை ஓடை ஒன்றில் கணுக்கால் ஆழத்துக்கு இறங்கி, உள்ளங்கை அளவு கல்லைத் தூக்கித் திருப்பிப் பாருங்கள். மேல்பக்கம் வழவழவென்று பாசி. அடிப்பக்கம் தட்டையான சின்னப் பூச்சிகள், வெளிச்சம் பட்டதும் விழுந்தடித்து மறுபக்கம் ஓடும். வயிற்றின் இரு ஓரத்திலும் இறகு மாதிரி செவுள்கள், பின்னால் நூல் போல இரண்டு மூன்று வால்கள். மேஃபிளை என்ற பூச்சியின் இளம்பருவம் இது. இறக்கை முளைத்து ஈசல் மாதிரி ஓரிரு நாள் பறந்து சாவதற்கு முன், மாதக்கணக்கில் கல்லிடுக்குதான் அதற்கு வீடு. மீனுக்கு அதுதான் சாப்பாடு.

சுரங்கச் சேறு முதலில் அடைப்பது இந்த இடுக்கைத்தான்.

இதைப் புரிந்துகொள்ள கலிபோர்னியாவின் யூபா ஆற்றைவிட நல்ல பாடம் கிடைப்பது கஷ்டம். 1853 வாக்கில் சியரா நெவாடா மலையில் தங்கம் தேடியவர்கள் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். உயரத்திலிருந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீரைக் கொண்டுவந்து, குழாயில் இறக்கி, பீரங்கி போன்ற முனையால் மலைச்சரிவின் மேல் பீய்ச்சினார்கள். மலை கரைந்து மரத்தொட்டிகள் வழியே ஓடும். கனமான தங்கம் தொட்டியில் தங்கும், மற்றதெல்லாம் ஆற்றுக்குப் போகும். மலாகாஃப் என்ற ஒரே இடத்தில் சுமார் 2 கிலோமீட்டர் நீளத்துக்கு, 180 மீட்டர் ஆழம்வரை மலையைத் தின்றிருக்கிறார்கள். சியராவின் ஆறுகளில் இப்படி விழுந்தது 100 கோடி கன மீட்டருக்கும் மேல். பனாமா கால்வாய்க்குத் தோண்டிய மண்ணைப்போல் ஏறக்குறைய எட்டு மடங்கு என்று 1917-ல் கணக்குச் சொன்னார் நிலவியலாளர் குரோவ் கார்ல் கில்பர்ட்.

சரி, மண் விழுந்தால் அடியில் தங்கிவிடாதா? எல்லாம் தங்காது. 0.1 மில்லிமீட்டர் மணல் துகள் அசையாத நீரில் ஒரு மீட்டர் இறங்க இரண்டு நிமிடம் போதும். அதில் பத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள வண்டலுக்கு மூன்று மணி நேரம் ஆகும். ஆயிரத்தில் ஒரு மில்லிமீட்டர் களித்துகளோ பன்னிரண்டு நாளுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். விட்டம் பத்து மடங்கு குறைந்தால் இறங்கும் வேகம் நூறு மடங்கு குறையும் என்பதுதான் கணக்கு. தவிர, களித்துகள்கள் மின்னேற்றத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். கலங்கல் தண்ணீரில் தேத்தாங்கொட்டையை இழைத்துவிட்ட வீடுகளுக்கு இது புதிதல்ல. கொட்டையின் சாறு துகள்களை ஒட்டவைத்துக் கட்டியாக்கும், கட்டி சட்டென்று இறங்கும். ஆற்றில் கொட்டை இழைக்க ஆளில்லை.

ஆகவே களி மிதந்துகொண்டே போகிறது. வெளிச்சம் அடிவரை இறங்காது, பாசி வளராது, பாசியை மேயும் பூச்சி பட்டினி. மீன்கள் செவுளில் ஒட்டியதை வெளியேற்ற இருமும். ஆமாம், மீனும் இருமும். இரையைக் கண்ணால் பார்த்துப் பிடிக்கும் மீனுக்கு எதிரே போவதே தெரியாது.

இருந்தாலும் மீன் வேறு இடத்துக்கு நீந்திப் போய்விடலாம். முட்டையால் முடியாது. கடலிலிருந்து யூபாவுக்கு ஏறிவரும் சினூக் சால்மன் பெண்மீன், பக்கவாட்டில் சாய்ந்து வாலால் கூழாங்கல்லை அடித்துப் பள்ளம் பறித்து, முட்டையிட்டு, மறுபடி கல்லால் மூடும். அப்படி வாலால் அடிக்கும்போதே இடுக்கிலிருக்கும் தூசி மண் கிளம்பி ஓடிவிடும். தாய் வீட்டைக் கூட்டிப் பெருக்குகிறது என்றே வைத்துக்கொள்ளலாம். அப்புறம் பல வாரங்களுக்கு முட்டைக்குப் பிராணவாயு கொடுப்பதும், அது விடும் கழிவைக் கொண்டுபோவதும் இடுக்கில் ஊரும் நீர்தான். மேலே நுண்மணல் விழுந்து அடைத்தால் முட்டை மூச்சுமுட்டிச் சாகும். தப்பிப் பொரித்த குஞ்சும் மேலே வர வழியில்லாமல் கல்லுக்கடியில் மாட்டிக்கொள்ளும்.

வெள்ளத்திலும் ஆறு கலங்குமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வெள்ளம் சேற்றைக் கொண்டுவரும்போது, அதை அடித்துப்போகும் வேகத்தையும் சேர்த்தே கொண்டுவருகிறது. சில நாளில் வடிந்தும்விடும், பூச்சிகள் அதற்குப் பழகியவை. சுரங்கமோ ஆறு மெலிந்து ஓடும் நாளிலும் சேறு அனுப்பும். கழுவிவிட வேகமில்லாத நேரத்தில் வருகிற சேறுதான் இடுக்கில் போய் இறுகுகிறது.

யூபாவில் இடுக்கு மட்டும் அடைபடவில்லை, ஆறே புதைந்தது. கரையோர மேரிஸ்வில் நகரத்தில் ஆற்றுப்படுகை தெருவைவிட உயர்ந்தது. 'ஸ்லிக்கென்ஸ்' என்று விவசாயிகள் திட்டிய மெல்லிய சேறு வயல்களை மூடியது. வழக்கு நடந்து, 1884 ஜனவரியில் நீதிபதி லோரென்சோ சாயர், கழிவை ஆற்றில் தள்ளத் தடை விதித்தார். சுற்றுச்சூழல் வழக்குகளில் இது முன்னோடி என்பார்கள். எனக்கு இது முதன்மையாக விவசாயிகள் வயலைக் காப்பாற்றிக்கொண்ட வழக்காகவே படுகிறது. சால்மனுக்காக வாதாட அங்கே யாரும் நிற்கவில்லை.

தடை வந்த பிறகும் மேலே குவிந்திருந்த மண் மெல்ல இறங்கிக்கொண்டே இருந்தது. நீரில் அலை போவதுபோல மண்ணும் அலையாக நகர்கிறது என்று கில்பர்ட் காட்டினார். அதன் முகடு மேரிஸ்வில்லைத் தாண்டவே இருபது ஆண்டு ஆனது. வால்பகுதி அவர் நினைத்ததைவிட நீளம். கரைகளில் படிந்த பழைய மண் இன்றும் அரிந்து விழுகிறது. தங்கத்தைப் பிடிக்கத் தொட்டியில் ஊற்றிய பாதரசமும் அதில் கலந்திருக்கிறது.

அந்த மண்ணைத் தடுக்கவென்றே 1941-ல் ஏங்கிள்பிரைட் அணை கட்டினார்கள். மண் நின்றது. மீன் ஏற வழி வைக்காததால் சால்மனும் அங்கேயே நின்றது. மண்ணோடு கூழாங்கல்லும் அணைக்குப் பின்னால் தங்கிவிட, அணையை ஒட்டிய கீழ்ப்பகுதியில் ஆறு வெறும் பாறையாகிவிட்டது. முட்டையிடக் கல் இல்லை. அதனால் ஒரு காலத்தில் கல்லும் மண்ணும் மூடிப் புதைந்த அதே ஆற்றுக்கு, அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை இப்போது கூழாங்கல்லைக் கொண்டுவந்து கொட்டுகிறது.