காசநோய்க்கு ரத்தமா, சளியா? இலவசமாகக் கிடைக்க வேண்டிய பரிசோதனைகளும் நம் உரிமையும்

மூன்று வருடங்களுக்கு முன் என் சித்தப்பாவுக்கு விடாத இருமல், கூடவே காய்ச்சல். பக்கத்து டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டினோம். "டிபி இருக்கான்னு பாத்துடலாம்" என்று ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார்கள். இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய் ஆனது. முடிவு 'பாசிட்டிவ்' என்று வந்தது. அன்றைக்கே சித்தப்பாவின் தட்டும் டம்ளரும் தனியாகிவிட்டன. பேரப்பிள்ளைகளை அவர் அறைப் பக்கமே விடவில்லை. அப்புறம் அரசு மருத்துவமனையில் சளியைக் கொடுத்தோம், எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். காசநோய்க் கிருமி இல்லை. வந்திருந்தது நிமோனியா. அதற்கான மருந்தில் இரண்டு வாரத்தில் எழுந்து நடமாடினார்.

அந்த ரத்தப் பரிசோதனை பொய் சொல்லவில்லை. "இவர் உடம்பு எப்போதாவது காசநோய்க் கிருமியைச் சந்தித்திருக்கிறதா?" என்ற கேள்விக்கு அது சரியான பதிலைத்தான் தந்தது. எங்களுக்குத் தேவைப்பட்டதோ "இப்போது இவர் நுரையீரலில் நோய் இருக்கிறதா?" என்ற கேள்விக்கான பதில். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாததால் பணமும் போய், நிம்மதியும் போனது. தேசிய காசநோய் ஒழிப்புத் திட்டத்தில் எந்தப் பரிசோதனை யாருக்கு, எதற்காக என்பதற்குத் தெளிவான விதிகள் இருக்கின்றன. அவை நோயாளியின் வீட்டுக்குத் தெரிவதில்லை என்பதுதான் குறை.

கிருமி உள்ளே போனால் என்ன ஆகிறது?

காசநோய் காற்றில் பரவுகிறது. நுரையீரலில் நோய் உள்ளவர் இருமும்போது வெளிவரும் கிருமியை நாம் மூச்சோடு இழுக்கிறோம். தட்டிலும் டம்ளரிலும் அது பரவாது. உள்ளே போன கிருமியை நுரையீரலில் காவல் இருக்கும் விழுங்கு அணுக்கள் பிடித்து விழுங்குகின்றன. மற்ற பல கிருமிகள் அத்தோடு செத்துப்போகும். காசநோய்க் கிருமி அந்த அணுவுக்குள்ளேயே குடியிருக்கத் தெரிந்தது. சில வாரங்களில் டி அணுக்கள் என்கிற இன்னொரு படை வந்து சேர்கிறது. எல்லாம் சேர்ந்து கிருமியைச் சுற்றிச் சுவர் எழுப்பியதுபோல ஒரு சிறு முடிச்சாக்கிவிடுகின்றன. உள்ளே கிருமி உறங்கிக் கிடக்கும். ஆளுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது, அவரிடமிருந்து யாருக்கும் பரவவும் செய்யாது.

இதற்குப் பெயர் தொற்று. நோய் வேறு. 2019 முதல் 2021 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுக்க நடத்திய கணக்கெடுப்பில், 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்தத் தொற்று இருந்தது. அப்படித் தொற்று உள்ளவர்களில் 100-க்கு 5 முதல் 10 பேருக்குத்தான் வாழ்நாளில் எப்போதாவது நோயாக மாறுகிறது. மீதிப் பேரிடம் சுவர் நிற்கிறது. சத்துக்குறைவு, சர்க்கரை நோய், எச்ஐவி, புகை, குடி, ஸ்டீராய்டு மருந்து இவையெல்லாம் அந்தச் சுவரைத் தளர்த்துபவை.

மூன்றில் ஒருவரிடம் 'பாசிட்டிவ்' காட்டக்கூடிய ஒரு பரிசோதனையை வைத்து, வெறும் இருமலோடு வந்தவருக்குக் காசநோய் என்று எப்படி முடிவுகட்ட முடியும்?

தடை செய்யப்பட்ட பரிசோதனை

ரத்தத்தில் செய்வதிலும் இரண்டு வகை உண்டு. முதல் வகை, கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடி என்ற புரதத்தைத் தேடுவது. சீட்டில் 'டிபி ஐஜிஜி, ஐஜிஎம்' என்று எழுதியிருக்கும். காசநோய்க் கிருமி அணுக்களுக்குள் ஒளிந்திருப்பதால் அதை எதிர்க்கும் வேலையில் பெரும்பகுதி டி அணுக்களுடையது. ரத்தத்தில் மிதக்கும் ஆன்டிபாடியின் அளவு நோய் உண்டா இல்லையா என்பதை நம்பும்படி காட்டாது. நோய் இருப்பவரை இல்லை என்றும், இல்லாதவரை இருக்கிறது என்றும் சொல்லும். 2011-ல் உலக சுகாதார நிறுவனம் இதைப் பயன்படுத்தவே கூடாது என்று அறிவித்தது. 2012 ஜூனில் இந்திய அரசு இந்தப் பரிசோதனைப் பெட்டிகளின் இறக்குமதி, தயாரிப்பு, விற்பனை எல்லாவற்றையும் அரசிதழ் அறிவிப்பு மூலம் தடை செய்தது. ஆகவே யாராவது இதை எழுதிக் கொடுத்தால் செய்துகொள்ள வேண்டாம். மறுப்பதில் தயக்கமே வேண்டாம், சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது.

இரண்டாவது வகை 'இக்ரா'. சித்தப்பாவுக்குச் செய்தது இதுதான். ரத்தத்தில் உள்ள டி அணுக்களுக்குக் காசநோய்க் கிருமியின் சில புரதங்களைக் காட்டி, அவை இன்டர்ஃபெரான் காமா என்ற பொருளைச் சுரக்கின்றனவா என்று பார்ப்பார்கள். சுரந்தால், அந்த அணுக்களுக்குக் கிருமியை ஏற்கெனவே தெரியும் என்று பொருள். இதற்குத் தடை கிடையாது. நல்ல பரிசோதனைதான், ஆனால் தொற்றைக் கண்டுபிடிக்க மட்டும். கையில் ஊசி போட்டு 48 முதல் 72 மணி நேரத்துக்குள் தடிப்பை அளக்கும் மான்டோ பரிசோதனையும் அதே கேள்வியைத்தான் கேட்கிறது. பிறந்ததும் போட்ட பிசிஜி தடுப்பூசியாலும் மான்டோ தடிக்கலாம் என்பது அதில் உள்ள சிக்கல். மிகவும் மெலிந்துபோனவர்களுக்கும் எச்ஐவி உள்ளவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தியே சோர்ந்திருப்பதால், நோய் முற்றிய நிலையிலும் கை தடிக்காமல் போகலாம். பிசிஜியால் குழம்பாத 'சை-டிபி' என்ற புதிய தோல் பரிசோதனை இப்போது திட்டத்துக்குள் வந்திருக்கிறது.

பிசிஜி பற்றி ஒன்று. "சின்ன வயசுலேயே ஊசி போட்டாச்சே, எனக்கெப்படி டிபி வரும்?" என்று கேட்பவர்கள் நிறைய. குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் வகைக் காசநோய் வராமல் அது நன்றாகக் காக்கிறது, அதனால் கட்டாயம் போட வேண்டும். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்பதைக் காட்டிய பெரிய ஆய்வு நம்ம செங்கல்பட்டில்தான் 1968-ல் தொடங்கியது.

நோயைக் கண்டுபிடிக்க: சளி

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலையில் காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, ராத்திரியில் வியர்ப்பது, சளியில் ரத்தம். இதில் ஒன்று இருந்தாலும் சளியைப் பரிசோதிக்க வேண்டும். வீட்டில் ஏற்கெனவே காசநோயாளி இருந்தாலோ எச்ஐவி இருந்தாலோ இரண்டு வாரம் காத்திருக்கவும் கூடாது.

ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ இரண்டு டப்பா கொடுப்பார்கள். ஒன்றில் அங்கேயே, இன்னொன்றில் மறுநாள் காலை எழுந்ததும். வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, திறந்த வெளியில் ஆள் இல்லாத பக்கம் நின்று, இரண்டு மூன்று முறை மூச்சை ஆழமாக இழுத்து, நெஞ்சின் அடியிலிருந்து இருமித் துப்ப வேண்டும். எச்சில் உதவாது. பரிசோதனை தவறிப்போவதற்கு எச்சில் நிறைந்த டப்பாவும் ஒரு முக்கியக் காரணம், அதனால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

அந்தச் சளியை 'ட்ரூநாட்' அல்லது 'சிபிநாட்' இயந்திரத்தில் வைப்பார்கள். கிருமியின் மரபணுவையே நேரடியாகத் தேடும் பரிசோதனை இது. பழைய மைக்ராஸ்கோப் முறையில் ஒரு மில்லி சளியில் ஐயாயிரம், பத்தாயிரம் கிருமிகளாவது இருந்தால்தான் கண்ணில் படும். இதில் நூற்றுக்கணக்கில் இருந்தாலே பிடித்துவிடும். இரண்டு மூன்று மணி நேரத்தில், முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் இவருக்கு வேலை செய்யுமா என்பதும் சேர்ந்து தெரிந்துவிடும். வெளியில் ஆயிரக்கணக்கில் செலவாகும் இந்தப் பரிசோதனை அரசுத் திட்டத்தில் முழு இலவசம். தனியாரிடம் சிகிச்சை பெறுபவர்களுக்கும் இலவசம்தான். இது பலருக்குத் தெரியாது. காசநோய் 2012 மே மாதத்திலிருந்து அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய். காசநோயாளிகளைப் பதிவு செய்யும் அரசின் 'நிக்ஷய்' இணையதளத்தில் தனியார் மருத்துவர் பதிவு செய்தால் அவருடைய நோயாளிக்கும் அரசின் பரிசோதனை, மருந்து, உதவித்தொகை எல்லாம் கிடைக்கும். "டாக்டர், நிக்ஷய்ல என் பேரைப் பதிஞ்சிட்டீங்களா? நம்பர் குடுங்க" என்று தயங்காமல் கேளுங்கள்.

எக்ஸ்ரேயை ஒதுக்கிவிட முடியாது. மேலே சொன்ன கணக்கெடுப்பில், எக்ஸ்ரே எடுத்திருக்காவிட்டால் 42.6 சதவீத நோயாளிகள் தப்பிப் போயிருப்பார்கள். அவர்களுக்கு இருமல் போன்ற அறிகுறியே இல்லை. ஆனால் எக்ஸ்ரேயில் தெரியும் வெள்ளைத் திட்டு நிமோனியாவாகவும் இருக்கலாம், பூஞ்சையாகவும் இருக்கலாம், எப்போதோ ஆறிய பழைய தழும்பாகவும் இருக்கலாம். எக்ஸ்ரே சந்தேகத்தைக் காட்டும், உறுதி செய்வது சளி.

நெஞ்சுச்சளிக்கு மருந்துக் கடையில் தாமாக ஆன்டிபயாட்டிக் வாங்கிச் சாப்பிடுவதில் ஒரு தனி ஆபத்து உண்டு. லீவோஃப்ளாக்ஸசின், ஓஃப்ளாக்ஸசின் வகை மாத்திரைகள் காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அடக்கும். பத்து நாள் நன்றாக இருப்பதுபோலத் தெரியும், சளிப் பரிசோதனையிலும் கிருமி சிக்காமல் போகலாம். பிறகு நோய் இன்னும் பலமாக எழும்பும். ஸ்டீராய்டும் அப்படித்தான், காய்ச்சலைத் தணித்துவிட்டு உள்ளே சுவரை இடிக்கும். சளியைக் கொடுத்த பிறகு எந்த மருந்தானாலும் மருத்துவர் சொல்லிச் சாப்பிடுங்கள்.

உறுதியான பிறகு

சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை, எடைக்கு ஏற்ற அளவில், இலவசமாக. சர்க்கரை, எச்ஐவி பரிசோதனைகளும் எல்லா நோயாளிக்கும் செய்ய வேண்டும். மருந்துக்கு அடங்காத வகை என்றால் அதற்கான விலை உயர்ந்த மருந்துகளும் இலவசம்தான்.

பணத்துக்கு வருவோம். காசநோயாளியின் சத்துணவுக்காக அரசு தரும் உதவித்தொகையான 'நிக்ஷய் போஷன் யோஜனா' 2018 ஏப்ரலில் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கியது. 2024 நவம்பர் 1 முதல் மாதம் 1,000 ரூபாய். சிகிச்சை தொடங்கும்போதே 3,000, பிறகு 84 நாள் சிகிச்சை முடிந்ததும் இன்னொரு 3,000 என்று வங்கிக் கணக்குக்கு நேராக வரும். ஆறு மாதத்தைத் தாண்டி மருந்து நீண்டால் உதவியும் நீளும். கணக்கு இல்லாதவர்கள் சேமிப்புக் கணக்கு தொடங்க ஊழியர்களே உதவ வேண்டும். மிகவும் மெலிந்தவர்களுக்கு முதல் இரண்டு மாதம் சத்துணவும் தனியாகத் தரத் திட்டத்தில் இடம் உண்டு.

இந்தப் பணத்தைச் சிலர் பேருக்குக் கொடுக்கிற சில்லறை என்று நினைக்கிறார்கள். அது மருந்தின் பாதி. சென்னையில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் ஜார்க்கண்டில் நடத்தி 2023-ல் வெளியான ஆய்வில், நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்குக் கூடுதல் உணவு கொடுத்ததாலேயே அவர்களுக்குப் புதிதாக நோய் வருவது 39 முதல் 48 சதவீதம் வரை குறைந்தது. முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடிய நோயாளிகளிடம் இறப்பும் வெகுவாகக் குறைந்தது. முன்னே சொன்ன சுவருக்குச் செங்கல், முட்டையும் பருப்பும் நிலக்கடலையும்தான்.

தமிழ்நாட்டில் கூடுதலாக ஒன்று நடக்கிறது. 2022-ல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்'. நோய் உறுதியான உடனேயே எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ரத்தத்தில் ஆக்சிஜன் ஆகியவற்றைப் பார்ப்பார்கள், பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்றும் பார்ப்பார்கள். ஆக்சிஜன் 94-க்குக் கீழே, மூச்சு நிமிடத்துக்கு 24-க்கு மேல், எழுந்து நிற்க முடியவில்லை, எலும்பும் தோலுமாக இருக்கிறார் என்றால், மாத்திரையைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பாமல் உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டும். காசநோயில் இறப்பவர்களில் நிறையப் பேர் சிகிச்சை தொடங்கிய முதல் சில வாரங்களிலேயே போய்விடுகிறார்கள். அதைத் தடுக்கத்தான் இந்தச் சல்லடை. உங்கள் வீட்டு நோயாளிக்கு எடைகூடப் பார்க்காமல் மருந்து கொடுத்தார்கள் என்றால், "எடை, ஆக்சிஜன் பாத்துடுங்க சார்" என்று கேட்டு நில்லுங்கள்.

வீட்டில் உள்ள மற்றவர்களுக்கு

இங்கேதான் இக்ராவுக்கும் தோல் பரிசோதனைக்கும் உண்மையான வேலை. நோயாளியோடு ஒரே வீட்டில் இருக்கும் எல்லோரையும் முதலில் நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லை என்று உறுதியானபின் ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்குத் தொற்றுப் பரிசோதனைக்குக் காத்திராமலேயே தடுப்பு மருந்து தொடங்கலாம். அவர்கள் உடம்புக்குச் சுவர் எழுப்பும் பழக்கம் இன்னும் சரியாக வரவில்லை. பெரியவர்களுக்கு, வசதி உள்ள இடங்களில் இக்ராவோ சை-டிபியோ செய்து, எக்ஸ்ரேயும் பார்த்துவிட்டுத் தருவார்கள். தினமும் ஒரு மாத்திரையாக ஆறு மாதம், அல்லது வாரம் ஒரு முறையாக 12 வாரம். எல்லாமே இலவசம்.

ட்ரூநாட் இயந்திரம் பழுது, அதில் போடும் சிப் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினால், சளியை அடுத்த மையத்துக்கு அனுப்பிவைப்பது திட்ட ஊழியர்களின் பொறுப்பு. முடியாத உடம்போடு நோயாளி ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை. அந்தப் பகுதியின் காசநோய் சிகிச்சை மேற்பார்வையாளர் யார் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு அவரிடம் பேசுங்கள். அவரும் கிடைக்கவில்லையா, 1800-11-6666 என்ற எண்ணுக்குக் கட்டணமில்லாமல் கூப்பிடலாம். பேசும்போது நிக்ஷய் எண் கையில் இருந்தால் வேலை சீக்கிரம் நடக்கும்.