அட்டைப்பெட்டி சாக்கே: வாங்கும்போதும் சுவைக்கும்போதும் பார்க்க வேண்டியவை

ஜப்பானிய சூப்பர் மார்க்கெட்டுகளில் 900 மில்லி, 2 லிட்டர், 3 லிட்டர் அட்டைப்பெட்டிகளில் சாக்கே (அரிசியைப் புளிக்கவைத்துச் செய்யும் ஜப்பானிய மது) மலிவாகக் கிடைக்கிறது. பெட்டியைப் பார்த்தே மட்டமான சரக்கு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது சரியில்லை. வெயிலோ விளக்கொளியோ பட்டால் சாக்கே நிறம் மாறும், வாடை அடிக்கும். அட்டைப்பெட்டிக்குள் வெளிச்சம் புகாது.

வாங்கும் முன் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். அரிசி, அரிசிக் கோஜி (புளிக்கவைக்க உதவும் பூஞ்சை வளர்த்த அரிசி) என்று இரண்டே இருந்தால் ஆல்கஹால் சேர்க்காதது. ஆனால் 'ஜுன்மாய்' (ஆல்கஹால் சேர்க்காத அரிசி சாக்கேக்கான தரப்பெயர்) என்று அச்சாகியிருந்தால்தான் அது ஜுன்மாய். மலிவுப் பெட்டிகளில் பெரும்பாலும் தனியாக வடித்த ஆல்கஹாலும், சிலவற்றில் சர்க்கரையும் புளிப்பூட்டியும் சேரும். இது கலப்படமாகாது, துணைப்பொருள்களின் எடை அரிசி எடையில் பாதியைத் தாண்டக்கூடாது என்று 2006 முதல் சட்டமே வரம்பு வைத்திருக்கிறது. சமையலுக்கென்று உப்பு சேர்த்த சாக்கேயும் கடையில் இருக்கும். அதைக் குடிக்க முடியாது, பெயரைக் கவனித்து எடுங்கள்.

தரம் பார்க்க வெள்ளைக் கிண்ணத்தில் 30 மில்லி ஊற்றி, 20 டிகிரி வாக்கில் சுவையுங்கள். ஃப்ரிட்ஜ் குளிரில் நல்லதும் கெட்டதும் சேர்ந்தே அமுங்கிவிடும். சோறு வெந்த மணம் வந்தால் நல்லது. விழுங்கிய பின்னும் இனிப்பு நாக்கில் பிசுபிசுத்தால் சர்க்கரை தூக்கலாக இருக்கிறது. ஊறவைத்த முள்ளங்கி நாற்றம் வந்தால் சரக்கு பழசு.

பிறகு சூடாக்கிப் பாருங்கள். இந்த வகைக்கு அதுதான் பொருத்தம் என்பது எங்கள் கருத்து. கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி, சாக்கே ஊற்றிய பீங்கான் குடுவையைக் கழுத்தளவு அமிழ்த்தி 2, 3 நிமிடம் விடுங்கள். 40 முதல் 45 டிகிரி போதும். 55-ஐத் தாண்டினால் ஆல்கஹால் நெடி மூக்கில் ஏறும், மணம் போய்விடும். பெட்டியோடு மைக்ரோவேவில் வைக்கவே கூடாது. பல பெட்டிகளின் உட்புறத்தில் அலுமினியப் படலம் இருக்கிறது.

எங்களுக்குப் பெரிய கவலை அளவு பற்றித்தான். எவ்வளவு குறைந்தது என்று பெட்டி காட்டாது. 15 சதவீத சாக்கே 180 மில்லியில் தூய ஆல்கஹால் சுமார் 21.6 கிராம் (180 × 0.15 × 0.8). ஜப்பான் சுகாதார அமைச்சு மிதமான அளவாகச் சொல்லிவந்தது நாளுக்குச் சுமார் 20 கிராம். பெண்களுக்கும் முதியவர்களுக்கும் அதைவிடக் குறைவு. 2 லிட்டர் பெட்டியில் இப்படி 180 மில்லிப் பங்குகள் பதினொன்று இருக்கின்றன. ஆகவே பெட்டியை மேசைக்குக் கொண்டுவராதீர்கள். அன்றைய அளவைக் குடுவையில் அளந்து ஊற்றி, பெட்டியை மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். நாள்பட்டுச் சுவை தளர்ந்த மிச்சத்தை மீன், மட்டி வேகவைக்க ஊற்றலாம்.