கை கழுவும் இடத்தில் புதைத்த பானை

ஜப்பானில் தேநீர்ச் சடங்குக்குப் போகிறவர் நேரே அறைக்குள் நுழைந்துவிட முடியாது. ரோஜி என்னும் சின்னத் தோட்டத்தைக் கடக்க வேண்டும். கண்ணைப் பறிக்கும் பூச்செடி எதுவும் இருக்காது. பாசி, மரநிழல், நடக்கக் கற்கள், அவ்வளவுதான். வழியில் தாழ்வாக ஒரு கல்தொட்டி. விருந்தினர் குந்தி உட்கார்ந்து, மூங்கில் அகப்பையால் மொண்டு கையும் வாயும் கழுவுகிறார். தண்ணீர் கூழாங்கற்களுக்கிடையே இறங்கி மறைகிறது. சில தோட்டங்களில், சற்றுப் பொறுத்து, தரைக்கடியிலிருந்து தந்தியைச் சுண்டியதுபோல் ஓர் ஒலி எழும்.

இப்படி ஒலிக்கும் அமைப்பின் பெயர் சுயிகின்குட்சு. நீர், கோட்டோ என்ற தந்தி வாத்தியம், குகை மூன்றும் சேர்ந்த சொல். உள்ளதைச் சொன்னால் இது ஒரு வடிகால். தேநீர் ஆசான் கோபோரி என்ஷூ (1579–1647) இளவயதில் அமைத்த வடிகாலே இதன் முன்னோடி என்பார்கள்.

அடியில் ஓட்டை போட்ட பானையைக் கவிழ்த்துப் புதைத்திருப்பார்கள். உள்ளே கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். மிகுதி வெளியேற ஒரு குழாய். ஓட்டை வழியே வரும் நீர் பானையின் உட்புறத்தில் படர்ந்து, அங்கங்கே திரண்டு சொட்டுகிறது.

சரி, சொட்டினால் ஏன் இசை? நீரில் மோதும் சத்தம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மோதலில் அநேகமாகச் சத்தமே இல்லை. சொட்டு விழுந்த இடம் குழிகிறது. குழி மூடும்போது அடியில் துளிக் காற்று மாட்டிக்கொள்கிறது. அந்தக் குமிழி சுருங்கி விரிந்து அதிர்வதுதான் நாம் கேட்பது. 1933-இல் இயற்பியலாளர் மின்னார்ட் தந்த சூத்திரப்படி, 1 மி.மீ. ஆரமுள்ள குமிழி நொடிக்கு ஏறத்தாழ 3,000 முறை அதிரும். குமிழி பெரிதானால் சுருதி இறங்கும். குமிழி தனக்கு மேலேயுள்ள நீர்ப்பரப்பையும் சேர்த்து ஆட்டித்தான் ஒலியைக் காற்றுக்கு அனுப்புகிறது என்று 2018-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒழுகும் குழாயடியில் வைத்த பாத்திரத்தில் கொஞ்சம் சோப்புத் திரவம் விட்டால் 'டொக் டொக்' அடங்கிவிடும் என்பதும் அவர்கள் சொன்னதுதான். பரப்பு இழுவிசை மாறிவிடுகிறது.

குமிழியின் ஒலி கணத்தில் முடிந்துவிடும். அதை நீட்டுவது பானை. கெட்டியான சுவரில் ஒலி மோதித் திரும்பும்; உள்ளே இருக்கும் காற்றிடத்துக்குப் பொருந்திய சுருதிகள் மட்டும் நின்று ஒலிக்கும். தண்ணீர் மட்டம் ஏறினால் அந்த இடம் குறைந்து நாதம் மாறும். குழாய் அடைத்துப் பானை நிரம்பினால் ஊமைதான்.

இருபதாம் நூற்றாண்டில் ஏறக்குறைய மறந்துபோன இந்தப் பானைகளை 1980-களில் மீண்டும் தேடிப் புதைக்கத் தொடங்கினார்கள். கியோட்டோவின் தாய்சோ-இன் கோயில் தோட்டத்தில் ஒன்றைக் கேட்கலாம். சில இடங்களில் காது வைத்துக் கேட்க மூங்கில் குழாயும் இருக்கும். அகப்பைத் தண்ணீர் இறங்கியதும் முதலில் படபடவென்று சொட்டும். அப்புறம் இடைவெளி கூடிக்கொண்டே போகும்.