மக்கடேமியா: சொல் விளக்கம்

கொழும்பில் சுப்பர்மார்க்கட் தட்டுகளில் கஜுவுக்கும் பாதாமுக்கும் பக்கத்தில், அவற்றைவிடக் கூடிய விலையில், வெண்மஞ்சளாய் உருண்ட ஒரு பருப்பு இருக்கும். அதுதான் மக்கடேமியா.

இது ஓர் ஆளின் பெயரிலிருந்து வந்த சொல். ஸ்கொட்லாந்தில் பிறந்து மெல்பேர்னில் இரசாயனம் கற்பித்த மருத்துவர் ஜோன் மக்காடமின் பெயரை, தாவரவியலாளர் பேர்டினண்ட் வொன் முல்லர் 1857 இல் இந்த மரப் பேரினத்துக்கு இட்டார். கல் பரப்பி வீதி போடும் முறைக்குப் பெயர் தந்த மக்காடம் வேறு ஆள். அவரும் ஜோன், அவரும் ஸ்கொட்லாந்துக்காரர் என்பதால் கவனம் வேண்டும்.

மரத்தின் தாயகம் கிழக்கு அவுஸ்திரேலிய மழைக்காடு. அங்குள்ள ஆதிக்குடிகள் முல்லருக்கு எத்தனையோ தலைமுறை முன்பே இதை உடைத்துத் தின்றவர்கள். அவர்கள் வைத்த பெயர்களில் ஒன்று ‘கிண்டல் கிண்டல்’. நம் காதில் கேலிச்சொல்லாக விழுந்தாலும், மரத்துக்கு மூத்த பெயர் அந்த மக்கள் வைத்ததுதான். அது உலக வழக்குக்கு வராமல் போனது எனக்கு வருத்தம்தான்.

என்றும் பசுமையான மரம். சாண் நீளக் குலைகள் தொங்கும். ஒரு குலையில் நூற்றுக்கு மேல் பூக்கள், இனத்துக்கேற்ப வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ. அத்தனையிலும் காயாவது ஒருசிலதான். காயின் பச்சைத் தோல் ஒரு பக்கமாக வெடிக்கும். தாவரவியலில் இது ஒருபுற வெடிகனி. உள்ளே போளை போல வழுவழுப்பான கபில நிறக் கொட்டை. சுத்தியலால் தட்டினால் உடையாமல் வழுக்கி ஓடும்.

இங்கேதான் சொல் சிக்கல். ஓட்டோடு இருப்பதையும் உடைத்தெடுத்ததையும் ஆங்கிலம் ‘நட்’ என்றே சொல்லிவிடும். தமிழில் ஓட்டோடு இருந்தால் கொட்டை, உள்ளே இருப்பது பருப்பு. கடையில் பக்கற்றில் விற்பது பருப்பு. கச்சான்கொட்டை என்கிறோமே என்று கேட்கலாம். அது பேச்சில் ஊறிப்போன சொல். புதிதாக வரும் சொல்லையாவது சரியாக எழுதுவோமே.

‘அவுஸ்திரேலிய முந்திரி’, ‘அவுஸ்திரேலிய வாதுமை’ என்றெல்லாம் ஒட்டுப்பெயர் வைப்பதை நான் ஏற்கமாட்டேன். மரமுந்திரிகை மாமரக் குடும்பம், வாதுமை ரோசாக் குடும்பம், இது ‘புரோட்டியேசியே’ என்ற வேறு குடும்பம். கஜு ஒவ்வாத ஒருவர் அந்தப் பெயரைப் பார்த்து எதை முடிவு செய்வார்?

ஆட்பெயர் என்பதால் மரத்துக்கு ‘மக்கடேமியா’ என்றே இருக்கட்டும். தின்பதற்கு ‘மக்கடேமியாப் பருப்பு’. முழுத் தமிழில் வேண்டுமென்றால் ‘வல்லோட்டுப் பருப்பு’ என்று நான் சொல்வேன். வல்லினத்தில் உள்ள அதே ‘வல்’. பிழிந்தெடுப்பது ‘வல்லோட்டுப் பருப்பு எண்ணெய்’. முதல் தடவை எழுதும்போது இரண்டு பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்.