பழைய பாணி விளையாட்டு இசை: மென்பொருளுக்குப் பணம் கட்டும் முன்

சென்ற மாதம் ஓர் இளைஞர் தம்முடைய இசைக்கோப்பு ஒன்றை எனக்கு அனுப்பி வைத்தார். நின்டெண்டோவின் பழைய கையடக்க விளையாட்டுக் கருவியான கேம்பாயிலேயே ஓடும்படி ஒரு சிறு குழு உருவாக்கிவரும் விளையாட்டுக்கு அவர் 11 இசைத்துண்டுகளை முடித்திருந்தார். ஒலிக்கலவையை மட்டும் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள் என்பதுதான் கோரிக்கை. திறந்து பார்த்தபோது முதல் துண்டில் மட்டும் 23 தடங்கள், அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் தனித்தனி ஒலி வரிசைகள், இருந்தன. நான்கு சுரங்கள் ஒருசேர முழங்கும் கார்டுகள், அவற்றின் மேல் பெரிய மண்டபத்தின் எதிரொலி, அதற்கும் மேல் மூன்று அடுக்குத் தாளம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 1989இல் வந்த அந்தக் கருவியில் இருப்பவை நான்கே தடங்கள்: இரண்டு பல்ஸ் (சதுர வடிவ) அலைகள், நாமே வடிவமைத்துக்கொள்ளக்கூடிய ஒரு குறும் அலை, ஒரு இரைச்சல். பதினோரு துண்டுகளின் வேவ் (சுருக்கப்படாத ஒலிப்பதிவு) கோப்புகளை அதன் கேட்ரிட்ஜுக்குள் அடைக்கவும் வழியில்லை.

ஓராண்டுச் சேமிப்பைக் கொடுத்து இசை மென்பொருளுக்குள் சேர்த்துக்கொள்ளும் பிளக்-இன் என்னும் துணை மென்பொருள்களின் தொகுப்பு ஒன்றை வாங்கியிருந்தார் அவர். அதன் விளம்பரப் படத்தில் பழைய கையடக்கக் கருவியின் சித்திரம் இருந்ததாம். இந்த ஆண்டில் இப்படி என்னிடம் வரும் நான்காவது கோப்பு இது என்பதால், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதுவதை நிறுத்திவிட்டு இங்கே எழுதுகிறேன்.

எந்த மென்பொருள் நல்லது என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. உங்கள் இசை கடைசியில் எங்கே ஒலிக்கப்போகிறது? பழைய கருவியின் ஒலிச்சில்லே அதை வாசிக்க வேண்டுமா, அல்லது இன்றைய கணினியிலோ கைப்பேசியிலோ ஓடும் விளையாட்டுக்குப் பழைய வாசனை மட்டும் போதுமா? முதல் வகைக்குச் சில்லுக்குப் புரியும் கட்டளைக் கோப்பு வேண்டும். இரண்டாவது வகைக்கு ஒலிப்பதிவுக் கோப்பே போதும். இதை விளையாட்டு உருவாக்குநரிடம் ஒரே ஒரு வரியில் கேட்டுவிடலாம். கேட்காமல் வேலையைத் தொடங்குபவர்களே அதிகம் என்பதுதான் என் எரிச்சல்.

இனி, என்னை மிகவும் சோதிக்கும் தவறான எண்ணத்துக்கு வருகிறேன். “8 பிட் இசை என்றால் தரம் குறைந்த இசை, எனவே நல்ல இசையை எடுத்து அதன் தரத்தைக் குறைத்தால் 8 பிட் இசை கிடைத்துவிடும்” என்று பலரும் உறுதியாக நம்புகிறார்கள். ஒலியைக் கரகரப்பாக்கும் பிட் கிரஷர் வகைப் பிளக்-இன்கள் இந்த நம்பிக்கையை வைத்தே இவர்களிடம் விற்பனையாகின்றன. அந்த 8 என்பது ஒலியைப் பற்றிய எண்ணே அன்று. அந்தக் காலத்து விளையாட்டுக் கருவிகளின் மையச் செயலி ஒரே நேரத்தில் எத்தனை பிட் தரவைக் கையாளும் என்பதைக் குறிக்கும் எண் அது. 1983இல் வெளிவந்த நின்டெண்டோவின் வீட்டு விளையாட்டுக் கருவியான ஃபேமிகாமை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 2ஏ03 சில்லில் இரண்டு பல்ஸ் தடங்கள், ஒரு முக்கோண அலை, ஒரு இரைச்சல், சிறு ஒலித்துண்டுகளுக்கென ஒன்று என ஐந்து தடங்கள் உண்டு. பல்ஸ் தடத்தின் ஒலியளவுக்கு 16 படிகள், அதாவது 4 பிட். முக்கோணத் தடத்துக்கு ஒலியளவைக் கூட்டவோ குறைக்கவோ வசதியே கிடையாது. ஒலிக்கும், இல்லையென்றால் ஒலிக்காது. இதில் 8 பிட் எங்கே இருக்கிறது?

இன்னும் ஒரு படி போய்ச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் பணம் வீணாகிறது. அந்தச் சில்லுகள் பதிவுசெய்த இசையைத் தரம் குறைத்து வாசிக்கவில்லை. அலையைத் தாமே அந்தந்த நொடியில் உருவாக்கின. சதுரமாக மேலேறி, சதுரமாகக் கீழிறங்கும் தெளிவான, கூர்மையான அலை அது. மேலே இருக்கும் நேரத்தின் விகிதத்தை 12.5, 25, 50 விழுக்காடு என மாற்றினால் மூக்கால் பாடுவது போன்ற மெலிந்த குரலிலிருந்து, உள்ளீடற்ற குழலின் குரல் வரை கிடைக்கும். பியானோப் பதிவு ஒன்றைப் பிட் கிரஷருக்குள் செலுத்தினால் வெளியே வருவது உடைந்த பியானோவே தவிர, ஃபேமிகாம் அன்று. உடைந்த பியானோவும் சில இடங்களில் அழகுதான். அதை நான் மறுக்கவில்லை. அதற்கு வேறு பெயர் வையுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

அதேபோல், “ரெட்ரோ” என்பது ஒற்றை ஒலியும் அன்று. 1982இன் கமடோர் 64 கணினியில் இருந்த சிட் ஒலிச்சில்லுக்கு மூன்றே குரல்கள், ஆனால் அதனுள்ளே ஒலியின் சில பகுதிகளை வடிகட்டும் ஒரு ஃபில்டர் இருந்தது. 1988இன் மெகா டிரைவ் என்னும் சேகா விளையாட்டுக் கருவி, ஓர் அலையால் இன்னோர் அலையின் அதிர்வெண்ணை மாற்றி ஒலி உருவாக்கும் எஃப்எம் முறையில் ஆறு தடங்களை வாசித்தது. அதன் உலோகத்தனமான பேஸ் ஒலி வேறெதிலும் வராது. 1990இன் சூப்பர் ஃபேமிகாமில் எட்டுத் தடங்கள், எல்லாம் பதிவுத் துண்டுகள். அவற்றுக்கும் எதிரொலிக்கும் சேர்த்து மொத்தமே 64 கிலோபைட் ஒலி நினைவகம். எதிரொலியை நீட்டினால் இசைக்கருவிகளின் ஒலித்துண்டுகளைச் சுருக்க வேண்டும். எந்தக் கருவியின் வாசனை உங்களுக்கு வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் மென்பொருள் பட்டியல் தானாகவே நான்கைந்தாகக் குறைந்துவிடும், அவற்றில் பெரும்பாலானவை இலவசம்.

எனக்கு மிகவும் பயன்படுவது ஃபர்னஸ். திறந்த மூல மென்பொருள். நான் மேலே சொன்ன கருவிகள் உட்படப் பல பத்துச் சில்லுகளை அது அறியும், தடங்களின் எண்ணிக்கையையும் சில்லின் வரம்புகளையும் அதுவே காத்துக்கொள்ளும். தவறு செய்ய விடாத மென்பொருள்தான் தொடக்கநிலையாளருக்கு ஆசிரியர். பியானோ ரோலில், அதாவது சுரங்களைக் கட்டங்களாக வரையும் திரையில், பழகிய கைகளுக்கு ஃபேமிகாம் ஒலி வேண்டுமென்றால் ஃபேமிஸ்டுடியோ இருக்கிறது. அதுவும் இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கேம்பாய்க்கு ஹியூஜ்ட்ராக்கர், அதில் சேமிக்கும் கோப்பைக் கேம்பாய் விளையாட்டுகளை உருவாக்கும் மென்பொருளான ஜிபி ஸ்டுடியோ நேரடியாகவே ஏற்றுக்கொள்ளும். மேலே சொன்ன இளைஞர் செலவே இல்லாமல் தொடங்கியிருக்க வேண்டிய இடம் அதுதான். பதிவுத் துண்டுகளை வைத்துச் செய்யும் பாணிக்கு ஓப்பன்எம்பிடி போதும்.

பழைய வாசனை மட்டும் வேண்டும், தடக் கட்டுப்பாடு வேண்டாம் என்பவர்கள் எல்எம்எம்எஸ் மென்பொருளைப் பார்க்கலாம். கேம்பாய், சிட் ஒலிகளைப் போலி செய்யும் கருவிகள் அதனுள்ளேயே வருகின்றன. காசு கொடுத்துத்தான் தீர வேண்டுமென்றால் ரீப்பர் என்னும் ஒலிப்பதிவு மென்பொருள் முழு வசதியுடன் 60 நாள் முயன்று பார்க்க இடம் தருகிறது, தனிநபர் உரிமமும் எட்டாத விலையில் இல்லை. முதல் நாள் சும்மா விளையாடிப் பார்க்கப் பீப்பாக்ஸ். அது உலாவியிலேயே ஓடும். அதில் பாட்டு முழுவதும் முகவரிப் பட்டையில் உள்ள இணைப்புக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும் என்பதால், இணைப்பைத் தொலைத்துவிட்டால் பாட்டையும் தொலைத்துவிட்டீர்கள் என்று பொருள். எழுதி வையுங்கள்.

ஃபர்னஸ், ஹியூஜ்ட்ராக்கர், ஓப்பன்எம்பிடி ஆகியவை ட்ராக்கர் வகை, அதாவது சுரங்களை எழுத்தும் எண்ணுமாக வரிவரியாக எழுதும் மென்பொருள்கள். ட்ராக்கர் என்றதும் பலர் பின்வாங்குகிறார்கள். திரை முழுவதும் எண்கள் மேலிருந்து கீழாக ஓடுவதைக் கண்டு, இது நிரலாளர்களின் வேலை என்று மூடிவிடுகிறார்கள். ஒரே ஒரு வித்தையை மட்டும் செய்து பாருங்கள். ஒரு வரியில் சி சுரத்தை இட்டு, அதன் பக்கத்தில் உள்ள விளைவுக் கட்டத்தில் 047 என்று எழுதுங்கள். 0 என்பது கார்டின் சுரங்களை ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கச் சொல்லும் அர்பெஜியோ கட்டளை. 4, 7 ஆகியவை முதல் சுரத்துக்கு மேலே எத்தனை அரைச்சுரம் என்பதைச் சொல்கின்றன. சில்லு இந்த மூன்று சுரங்களையும் நொடிக்குச் சுமார் 60 முறை மாறி மாறி வாசிக்கும். காது அதை மூன்றாகக் கேட்காமல், படபடக்கும் ஒரே மேஜர் கார்டாகக் கேட்கும். சுரத்துக்கு ஒன்றாகப் பல தடங்களை விழுங்கும் கார்டு இப்போது ஒரே தடத்தில் அடங்கிவிட்டது, நீங்கள் தேடி அலைந்த பழைய வாசனையும் கூடவே வந்துவிட்டது. எதிரொலியும் இப்படித்தான்: முதல் பல்ஸில் உள்ள மெட்டை இரண்டாவது பல்ஸில் மூன்று வரி தள்ளி, பாதிக்கும் குறைவான ஒலியளவில் ஒட்டுங்கள். முரசு வேண்டுமா? முக்கோண அலையை மேல்சுரத்திலிருந்து மளமளவென்று கீழே இறக்கி, அதே கணத்தில் இரைச்சல் தடத்தை ஒரு சொடுக்குச் சொடுக்குங்கள். அக்காலத்து இசையமைப்பாளர்கள் இப்படிக் கஞ்சத்தனமாகச் செய்ததைத்தான் நாம் இன்று பாணி என்று அழைக்கிறோம். (எண்கள் 9க்குப் பிறகு ஏ, பி, சி என்று போகும், ஒரு மாலைப்பொழுதில் பழகிவிடும்.)

சில எச்சரிக்கைகளையும் சொல்லிவிடுகிறேன். சோதனைப் பதிப்புகளின் கட்டுப்பாடுகளை முதல் நாளே படியுங்கள். சிலவற்றில் சேமித்த கோப்பை மறுபடி திறக்க முடியாது, சிலவற்றில் வேவ் கோப்பாக வெளியே எடுக்க முடியாது. மூன்று வாரம் உழைத்த பிறகு இதைக் கண்டுபிடித்து, நள்ளிரவில் என்னை அழைத்து அழுதவர் உண்டு. பூட்டுடைத்த மென்பொருளைத் தயவுசெய்து தொடாதீர்கள். அதை நிறுவுவதற்காக வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்லும்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? தரமான மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கும் இந்தத் துறையில் திருடுவதற்குக் காரணமே இல்லை. பழைய விளையாட்டுகளிலிருந்து பிரித்தெடுத்த ஒலித்துண்டுகளை விற்பனைக்குப் போகும் விளையாட்டில் வைக்காதீர்கள். அவற்றுக்கு உரிமையாளர் இருக்கிறார்.

திரும்பத் திரும்ப ஓட வேண்டிய இசையை எம்பி3 ஆகக் கொடுக்க வேண்டாம். அந்த வடிவம் ஒலியை 1152 மாதிரிகள் கொண்ட கட்டுகளாகக் கட்டுவதால் தொடக்கத்திலும் முடிவிலும் சிறு மௌனம் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு சுற்றிலும் பாட்டு விக்கும். ஓக் (இன்னொரு சுருக்க ஒலிவடிவம்) அல்லது வேவ் கொடுங்கள். இதை நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

பணம் கட்டுவதற்கு முன்னால், இலவச மென்பொருளில் 16 பார் நீளத்துக்கு ஒரே ஒரு துண்டைச் செய்து, விளையாட்டுக்குள் வைத்து ஓடவிட்டுப் பாருங்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். அந்த இளைஞரும் இப்போது அப்படித்தான் தொடங்கியிருக்கிறார். ஹியூஜ்ட்ராக்கரில் முதல் துண்டை நான்கு நாளில் எழுதி அனுப்பினார். தனியாகக் கேட்டபோது நன்றாக இருந்த அது, விளையாட்டுக்குள் போனதும் வீரன் குதிக்கும்போதெல்லாம் மெட்டைத் தொலைத்தது. குதிக்கும் ஓசையும் அதே நான்கு தடங்களில் ஒன்றைத்தானே பிடுங்கிக்கொள்ள வேண்டும்? “முதல் பல்ஸில் துணைச்சுரத்தை மட்டும் வைத்து ஓசைகளுக்கு அதை விட்டுக்கொடுங்கள், மெட்டை இரண்டாவதுக்கு மாற்றுங்கள், தம்பி, பிடுங்கப்பட்டால் துணைச்சுரம்தான் போகும்” என்று எழுதினேன். மறுநாள் காலையில் மாற்றிய கோப்பு வந்துவிட்டது.